பாங்காக்கில் ஒரு தட்டு பட் தாய்... அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்த உண்மை!

தட்டில் முக்கால்வாசி காலியான பிறகுதான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. தட்டு என்னுடையது அல்ல. அம்மாவுடையது.

அம்மா மீன் சாப்பிட்டு 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. மீன் மட்டுமில்லை, இறால், நண்டு, கருவாடு என்று கடலிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை. கோழி சாப்பிடுவார். ஆட்டுக்கறி சாப்பிடுவார். முட்டை இல்லாமல் ஒரு வாரம் போகாது. கடல் மட்டும் கிடையாது.

நாங்கள் நாகப்பட்டினம். நாகையில் மீன் சாப்பிடாத வீடு என்றால் ஒன்று சைவக் குடும்பமாக இருக்கும், இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் காரணம் இருந்தது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். முதலில் தட்டுக்கு வருவோம்.

அம்மா அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமையலர். சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். காலையில் போய் அடுப்பைப் பற்றவைத்து, நூறு பிள்ளைகளுக்குச் சாதம் வடித்து, முட்டை வேகவைத்து, கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவி வைத்த பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவதுதான் அவருடைய மதியச் சாப்பாடு. வீட்டிலும் அப்படித்தான். அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே அபூர்வம். ஓட்டலுக்குக் கூப்பிட்டால், "அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ அரிசி வாங்கலாம்" என்பார்.

அதனால்தான் நான் ஒரு முடிவு எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சேர்த்து வைத்த பணத்தில் அம்மாவை வெளிநாடு கூட்டிப் போவது. எனக்குக் கட்டுப்படியான வெளிநாடு தாய்லாந்துதான். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம். நாகையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வர அதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது.

"மூன்றரை மணி நேரத்துல வெளிநாடா? இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு ஏன்டி இவ்வளவு பில்டப்பு?" என்றார் அம்மா. பாஸ்போர்ட் எடுத்தார். ஜனவரி மாதம் கிளம்பினோம்.

ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல்

பாங்காக்கில் மூன்றாவது நாள். பழைய நகரப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தோம். அங்கே சாலை நடுவில் சிவப்பு நிறத்தில் உயரமாக இரண்டு தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம். பெயர் 'சாவ் சிங் சா', அதாவது மாபெரும் ஊஞ்சல். ஊஞ்சல் பலகை மட்டும் இல்லை.

1784-ல், முதலாம் ராமா மன்னர் காலத்தில் நிறுவப்பட்டது. இப்போது நிற்பது 2007-ல் தேக்கு மரத்தில் புதிதாகச் செய்து வைத்தது. ஒருகாலத்தில் ஆண்டுதோறும் இதில் ஆட்கள் உயர உயர ஆடுவார்கள். ஆபத்தான விளையாட்டு. 1935-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்தச் சடங்கின் பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிலிர்க்கும். 'திரியம்பவாய் - திரிபவாய்'. நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். பக்கத்திலேயே இருக்கும் 'தேவசதான்' என்ற பிராமணர் கோயிலில் இன்றும் அந்த வழிபாடு நடக்கிறது.

நான் இதைச் சொன்னதும் அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "மார்கழியில நம்ம தெருவுல மைக் செட்ல போடுவாங்களே, அதுவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதுவரை மூன்று நாளாக ஒரு அந்நியர் போலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவர், அதன் பிறகு கையை வீசி நடக்க ஆரம்பித்தார்.

மதியம் ஒரு மணி. பசி. "இங்கே எது ஃபேமஸோ அதையே சாப்பிடுவோம்" என்று அம்மாவே சொன்னார். என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஃபேமஸ் என்றால் அந்தப் பகுதியில் குறைவில்லை. பனிச்சறுக்கு வீரர்கள் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் சமைக்கும் ஜே ஃபை என்ற மூதாட்டி, மிச்சலின் நட்சத்திரம் வாங்கியவர், இந்தப் பழைய நகரத்தில்தான் கடை வைத்திருக்கிறார். ஆனால் அங்கே பிரபலமானது நண்டு ஆம்லெட். அம்மா இருக்கும்போது அந்தப் பேச்சே இல்லை. அதனால் நான் தேர்ந்தெடுத்தது பட் தாய்.

"தாயா? பேரே நல்லா இருக்கே" என்றார் அம்மா.

வரிசையில் நின்ற கதை

ஊஞ்சலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பிரபலமான பட் தாய் கடை. பெயரை எழுதவில்லை. நடந்த தவறு அவர்களுடையது இல்லை, முழுக்க என்னுடையது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நல்ல கூட்டம். டோக்கன் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். 40 நிமிடம் காத்திருந்தோம். அந்த 40 நிமிடமும் அம்மாவுக்கு அலுக்கவில்லை. கடை வாசலிலேயே அடுப்புகள். பெரிய இரும்புச் சட்டி, பற்றி எரியும் தீ, ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கான நூடுல்ஸைப் புரட்டும் ஆள். அம்மா தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார். "சட்டி நல்லா காய்ஞ்சதுக்கப்புறம்தான் போடுறான் பாரு. கையைப் பாரு, ஒரு செகண்டு நிக்குதா?" என்று என் தொடையில் தட்டித் தட்டிக் காட்டினார்.

நான் கைபேசியை எடுத்து, பட் தாய் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். சியாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று 1939-ல் மாற்றியவர் பிரதமர் பிபுன்சோங்க்ராம். ராணுவத் தளபதி. அவருடைய ஆட்சிக் காலத்தில்தான், நாட்டு மக்களுக்கென்று பொதுவான ஓர் அடையாளம் வேண்டும் என்று நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி அரசாங்கமே ஊக்குவித்தது. நூடுல்ஸும், அதை இரும்புச் சட்டியில் வதக்கும் முறையும் சீனர்கள் கொண்டுவந்தவை. அதில் புளி, பனை வெல்லம், மிளகாய் என்று உள்ளூர்ச் சுவையைச் சேர்த்தார்கள். 'பட்' என்றால் வதக்கியது. 'பட் தாய்' என்றால் தாய் முறையில் வதக்கியது. அவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க தாய்லாந்தின் முகம் அது.

"கவர்மென்ட்டே சாப்பாடு போட்டு ஒரு நாட்டை உண்டாக்கியிருக்கு, பாரேன்" என்றார், சத்துணவு மையத்தில் வாழ்க்கையைக் கழித்த அம்மா.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "இதுல மீனு, கீனு ஒண்ணும் இருக்காதுல்ல?"

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் முதலில் சேர்ந்தது ஒரு சிறிய இணையதளம். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டுரைகள் கணக்கு. அதில் ஒன்று, 'தாய்லாந்து போனால் இந்த 7 உணவுகளை மிஸ் பண்ணாதீங்க!' நான் அப்போது விமான நிலையத்தின் உள்ளே கூடப் போனதில்லை. நான்கு பக்கங்களைத் திறந்து வைத்து, இங்கே இரண்டு வரி, அங்கே இரண்டு வரி என்று எடுத்து, 40 நிமிடத்தில் எழுதி முடித்தேன். நன்றாக ஓடியது. ஆசிரியர் கூடப் பாராட்டினார்.

வரிசையில் உட்கார்ந்தபடி அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். பட் தாய் பகுதியில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'இறால் வேண்டாம் என்று சொன்னால் போதும். கடல் உணவு சாப்பிடாதவர்களும் தைரியமாகச் சாப்பிடலாம்.'

அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"நீ எழுதுனதா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா.

'பழகுன வாசனையா இருக்கு'

எங்கள் எண் வந்தது. உள்ளே சிறிய மேசை. நான் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "மை ஸை குங்." இறால் போடாதீர்கள். ஆர்டர் எடுத்த பெண் சிரித்துத் தலையாட்டினார். ஒரு தட்டு 120 பாட். நம் காசுக்கு 300 ரூபாய்க்கு மேல். அம்மாவிடம் சொல்லவில்லை.

தட்டு வந்தது. தட்டை வைத்தவர் அம்மாவின் பக்கம் திருப்பி வைத்து, லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்தார். யாரோ ஒருவர் சமைத்து, யாரோ ஒருவர் கொண்டுவந்து, சூடாக, முதல் ஆளாகத் தனக்கு வைத்ததில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

பழுப்பு நிறத்தில் மினுங்கும் அரிசி நூடுல்ஸ். நடுவில் முட்டை. குட்டிக் குட்டியாக நறுக்கிய டோஃபு. ஓரத்தில் பச்சையாக முளைக்கட்டிய பயறு, பூண்டுத்தாள் மாதிரி ஒரு கீரைத் தண்டு, ஒரு துண்டு எலுமிச்சை, பொடித்த வேர்க்கடலை. கூடவே நீளவாக்கில் வெட்டிய ஒரு துண்டு வாழைப்பூ.

"வாழைப்பூவைப் பச்சையாவா தின்பாங்க? நரம்பு கூட எடுக்கலையே?" என்று அம்மா அதிர்ச்சியானார். ஒரு மடலைக் கடித்துப் பார்த்து, "துவர்ப்பா இருக்கு. ஆனா அந்த இனிப்புக்கு இது வேணும்தான்" என்று தீர்ப்பும் சொன்னார்.

மேசையில் சர்க்கரையும் மிளகாய்ப் பொடியும் இருந்தன. இந்த ஊரில் நூடுல்ஸைச் சமையல்காரர் முடிப்பதில்லை; சாப்பிடுபவர்தான் முடிக்கிறார். காரம், புளிப்பு, இனிப்பு எல்லாம் நம் கையில். அம்மா எலுமிச்சையைப் பிழிந்தார், மிளகாய்ப் பொடி தாராளமாகத் தூவினார், ஃபோர்க்கில் சுற்றத் தெரியாமல் ஸ்பூனால் அள்ளி வாயில் வைத்தார்.

மென்றார். நிறுத்தினார். திரும்ப மென்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"புளி தூக்கலா இருக்கு. வெல்லம் போட்ட புளிக்காய்ச்சல் மாதிரி. ஏதோ பழகுன வாசனையா இருக்குடி." சொல்லிவிட்டு அடுத்த வாயை அள்ளினார்.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சாப்பிட்டார். பந்தியில் கடைசி ஆள் போல அவசரமாக இல்லாமல், ஒவ்வொரு வாயாக, நிதானமாக. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் எனக்கு ஒரு ரீல்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. "இரும்மா, அந்த அடுப்பை வீடியோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து வாசலுக்குப் போனேன்.

அடுப்புக்குப் பின்னால் ஒரு இளைஞர் சாஸ் தயாரித்துக்கொண்டிருந்தார். பெரிய அண்டாவில் கெட்டியான புளிக்கரைசல். அதில் பனை வெல்லக் கட்டிகளைப் போட்டுக் கரைத்தார். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அடுத்ததாக அவர் ஒரு பாட்டிலைத் திறந்து அப்படியே கவிழ்த்தார். தேன் நிறத் தண்ணீர். பிறகு இன்னொரு பாட்டில். இன்னொன்று. மூன்றாவது பாட்டில் என் கேமராவுக்கு நேராகத் திரும்பியது.

பாட்டிலின் மேல் மீன் படம்.

கல்லாவில் இருந்த பெண்மணியிடம் போய், "அது என்ன?" என்று சைகையில் கேட்டேன். "நாம் ப்லா" என்றார் உற்சாகமாக. புரியவில்லை என்று பார்த்து, தன் கைபேசியில் மொழிபெயர்த்தும் காட்டினார். நாம் என்றால் தண்ணீர். ப்லா என்றால் மீன். மீன் தண்ணீர். நெத்திலி மாதிரியான சின்ன மீன்களை உப்போடு சேர்த்துத் தொட்டியில் போட்டு, ஒரு வருடம், அதற்கு மேலும் ஊறவைத்து எடுக்கும் சாறு. நமக்கு உப்பு எப்படியோ, அவர்களுக்கு அது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சிவப்பாக, பொடிப் பொடியாக எதுவோ இருந்தது. அதையும் காட்டிக் கேட்டேன். உலர்ந்த இறால். குஞ்சு இறால் கருவாடு. நான் வேண்டாம் என்று சொன்னது மேலே வைக்கும் பெரிய இறாலை. இது மசாலாக் கணக்கில் சேர்த்தி.

அவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை கடையின் நல்ல பொருளைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பெண் ஆர்வமாக விசாரிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 6 வயது. என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 22 வயது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மீன்தான். "அக்கரைப்பேட்டைக்குப் போய் நல்ல மீனா வாங்கிட்டு வாடா, லேட்டா போனா நல்லது போயிடும்" என்று பையையும் பணத்தையும் கொடுத்து அனுப்பியது அம்மா. மாமா சைக்கிளில் போனார்.

நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்களுக்கு நான்காவது நாள் சைக்கிள் கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் நாகையில் பலரும் மீன் சாப்பிடவில்லை. சில மாதங்களில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. இதைப் பற்றி வீட்டில் பேச்சும் கிடையாது. எங்கள் வீட்டு மீன்சட்டி பரணில் கவிழ்ந்தே கிடக்கிறது. அவ்வளவுதான்.

கல்லாவுக்கும் எங்கள் மேசைக்கும் பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடிக்குள் நான் என்னென்னவோ யோசித்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம். அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. மூன்று நாளில் முதல்முறையாக நன்றாகச் சாப்பிடுகிறார். சொன்னால் இந்தப் பயணமே பாழாகும். இனி அவர் ஜென்மத்துக்கும் ஓட்டலுக்கு வர மாட்டார்.

மேசைக்கு வந்தேன். தட்டில் முக்கால்வாசி காலி. அம்மா நிமிர்ந்து, "வீடியோ நல்லா வந்துச்சா?" என்றார்.

'நீ எழுதுனதா? அப்ப சரியாத்தான் இருக்கும்' என்று அவர் சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். "அம்மா, நிறுத்தும்மா. இதுல மீன் இருக்கு. மீன் சாறு. இறால் பொடியும் இருக்கு. எனக்குத் தெரியாது. நான் எழுதுனது தப்பு."

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை, அழவில்லை. "சரி, வா போகலாம்" என்றார். எழுந்து, போகும்போது தட்டு வைத்துவிட்டுப் போனவரைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் கைகூப்பினார். அந்த ஊரில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இரவு அம்மா சொன்னது

அன்று சாயங்காலம் எங்கேயும் போகவில்லை. அறைக்கு வந்து அம்மா குளித்தார். தலைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்த பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"எனக்கு முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சுடி."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நாகப்பட்டினத்துக்காரிக்குக் கருவாட்டு வாசனை தெரியாதா? புளிக்கும் வெல்லத்துக்கும் அடியில அது இருந்துச்சு."

"அப்புறம் ஏன்மா சாப்பிட்ட? எனக்காகவா? 40 நிமிஷம் நின்னோமேன்னா?"

"உனக்காக இல்ல." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேட்டா நீ விசாரிப்ப. விசாரிச்சா எந்திரிக்கணும். எந்திரிக்க மனசு வரல."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அவன் கருவாட்டுக் குழம்புன்னா சட்டியோட தின்பான். அந்த வாசனை வந்ததும் அவன் எதிர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா அவனை நினைச்சா அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வரும். இன்னிக்குத்தான் அவன் சாப்பிடுறது ஞாபகம் வந்துச்சு."

இருட்டில் அம்மா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "இந்த ஊருலயும் அடிச்சுச்சுதானே?"

"பாங்காக்ல இல்லம்மா. இவங்களுக்கு அந்தப் பக்கம், அந்தமான் கடல் ஓரம். புக்கெட், பாங் ங்கான்னு சில ஊருங்க. அதே காலைலதான். 5,000 பேருக்கு மேல. அதுல டூரிஸ்ட்டாக வந்தவங்களே நிறைய."

"அவங்க மீனை விட்டுட்டாங்களா?"

என்ன சொல்வது? மீன் தண்ணீர் இல்லாத சமையலறை இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "எப்படி விடுவாங்க? நம்ம அக்கரைப்பேட்டையில விட்டாங்களா? போட்டு சரியானதும் கடலுக்குப் போனாங்க. அதுதானே பொழப்பு." பிறகு, "தூங்கு, காலையில எந்திரிக்கணும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் அம்மா மீன் சாஸ் தொடவில்லை. நான் ஒழுங்காக விசாரித்துக் கூட்டிப் போனேன். நான்கு வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். தாய்லாந்து போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்:

* 'இறால் வேண்டாம்', 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொல்வது போதாது. 'மை ஸை நாம் ப்லா', அதாவது மீன் சாஸ் போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பல கடைகளில் சாஸை முன்பே கலந்து வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அதை எடுக்க வழியில்லை. முதலிலேயே கேளுங்கள். சிப்பி சாஸ், உலர்ந்த இறால் ஆகியவற்றையும் மறக்காமல் கேளுங்கள்.

* மஞ்சள் நிறத்தில், சிவப்பு எழுத்தோடு கொடியோ பலகையோ தொங்கினால் அது 'ஜே' உணவுக் கடை. கறி, மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். அசல் சைவர்களுக்கு இதுதான் நிம்மதி.

* 'மங்சவிரத்' என்றும் சொல்லலாம். மாமிசம் தவிர்த்தது என்று பொருள். சமஸ்கிருத வேர் உள்ள சொல். இதில் முட்டை, பால் வரலாம்.

* இந்த வாக்கியங்களைத் தாய் எழுத்தில் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். நம் உச்சரிப்பில் அவர்களுக்குப் பாதி புரிவதில்லை. காட்டினால் முகம் சுளிக்காமல் உதவுகிறார்கள்.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பழைய இணையதளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு வரியை மாற்றினார்கள். அதற்கு முன்பு அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்களோ! இப்போது டெஸ்க்கில் உட்கார்ந்து 'தைரியமாகச் சாப்பிடலாம்', 'பயமில்லாமல் போகலாம்' என்று தட்டச்சு செய்ய வரும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடுகிறது. எனக்கு அது நிஜமாகவே தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் நாகைக்குப் போயிருந்தேன். அம்மா அடுக்களையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அரிசி சேமியா, புளி, கருப்பட்டி, முட்டை, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை. மேலே முளைகட்டிய பயறு. தட்டில் போட்டுக்கொண்டு வந்து, நான் கேட்காமலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுதுல்ல?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

எது குறைகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று என் தட்டில் வைத்துவிட்டு, தன் தட்டிலும் வைத்துக்கொண்டார்.